சாட்டுக்கு நின்ற வில்லாளி

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் மூன்றாவது நிமிடத்தில் பேச்சு முழங்காலுக்கு வந்துவிடுகிறது. எந்தக் கால், எந்த டாக்டர், எத்தனை நாளில் எழுந்து நடந்தார்கள் என்று ஆரம்பித்துவிடுகிறோம். நானும் இந்தச் சித்திரையில் கோயமுத்தூருக்குப் போய் இரண்டு முட்டியையும் மாற்றிக்கொண்டு வந்தவள்தான். அந்தக் கதையையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் முட்டியிலிருந்து ஆரம்பிக்க எனக்கு மனமில்லை. அனல்நாகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனல்நாகம் என்பது வடக்கே ஒரு மலைக்குகையில் கிடக்கும் பிராணி. அது மூச்சு விட்டால் மேகம் கருகிப் போகும், ஏழு நாட்டுக்கு மழை கிடையாது. அதைக் கொல்ல நான்கு பேர் கிளம்புகிறார்கள். வாள்வீரன், வழிகாட்டி, வில்லாளி, மூட்டைக்காரன். இந்தக் கதை ஆறு பாகமாக வந்தது. பள்ளிக்கூட நோட்டு அளவில் மெல்லிய புத்தகங்கள். முதல் பாகத்துக்கு அட்டை இல்லை. மூன்றாம் பாகத்தில் யாரோ மஞ்சள்தூளைக் கொட்டியிருந்தார்கள், பக்கத்தைத் திருப்பினால் ரசத்துக்குப் பசிக்கும். உள்ளே படங்கள் மங்கலாக அச்சாகியிருந்தன. நாகம் பார்ப்பதற்கு உடும்புக்கு வௌவால் சிறகை ஒட்டின மாதிரி இருக்கும். மழையே பார்க்காத ஊரில் வளர்ந்த எங்களுக்கு அதை நம்புவதில் எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

பல்லடத்துக்குத் தெற்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல் உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்போதே ஊரில் பாதி வீடுகளில் தறி வந்துவிட்டது. எங்கள் வீட்டில் ஆறு தறி ஓடியது. அந்த வைகாசியில் என் சின்னத்தைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். சீருக்கு ஐந்து மெத்தை, பத்துத் தலையணை தைப்பதற்கு உக்கடத்திலிருந்து மெத்தைக்கார பாய் தன் குடும்பத்தோடு வந்து, தறிக்குப் பக்கத்திலிருந்த நூல் குடோனில் தங்கியிருந்தார். பாய் பஞ்சு அடிப்பார். அவர் வீட்டம்மா உறை தைப்பார். அவர்களுடைய ஒரே மகள் என் வயது, பதினொன்று. பழைய பேப்பர் கடை வைத்திருந்த அவளுடைய மாமுவிடமிருந்து ஐந்து புத்தகங்களை வாங்கித் துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவள் அவள்தான். ஆறாம் பாகம் இன்னும் கடைக்கு வரவில்லை, வந்தால் எடுத்துவைப்பதாக மாமு சொல்லியிருந்தார்.

இலவம் பஞ்சை நீங்கள் எல்லாம் மெத்தைக்குள்தான் பார்த்திருப்பீர்கள். அதை அடிக்கும்போது அந்த அறைக்குள் இருந்து பார்க்க வேண்டும். ஆள் உயர வில் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் நரம்பைக் கட்டையால் அடிப்பார் பாய். டொய்ங் என்று ஒரு சத்தம் வரும், பஞ்சு எழும்பிப் பறக்கும். எங்கள் இமையில், மூக்குத் துவாரத்தில், எண்ணெய் வைத்த தலையில் எல்லாம் பஞ்சு. ஒரு பக்கம் தறி கடக்கடக்கென்று ஓட, இன்னொரு பக்கம் இந்த வில் சத்தம். அந்த மேகத்துக்குள் உட்கார்ந்துதான் நாங்கள் நான்கு பேரும் ஐந்து பாகத்தையும் படித்து முடித்தோம். ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், மற்ற மூவரும் தும்மாமல் கேட்க வேண்டும்.

நான்கு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அவன் வாள். தறி ஃபிட்டரின் மகன் வழிகாட்டி, ஏனென்றால் அவன் அப்பாவின் சைக்கிள் பின்னால் உட்கார்ந்து சுற்றுவட்டாரம் முழுவதும் போய் வந்தவன். பாய் மகள் வில்லாளி. அதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, வீட்டிலேயே வில் வைத்திருக்கிறவளிடம் என்னத்தைப் போட்டி போடுவது? மிஞ்சியது மூட்டை. அதை நான் எடுத்துக்கொண்டேன். மூட்டைக்காரிக்குச் சண்டை கிடையாது, ஆனால் சாப்பாடு எல்லாம் அவளிடம்தான் இருக்கும். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு ஏற்றுக்கொண்ட வேலையைத்தான் இன்றுவரை செய்துகொண்டிருக்கிறேன்.

கதையில் நால்வரும் முதல் ஆற்றைத் தாண்டும்போது ஒரு சபதம் செய்வார்கள். நாகம் விழும்வரை நால்வரும் ஒரே நெருப்பைச் சுற்றித்தான் உறங்குவோம் என்று. எங்களுக்கு ஆறு கிடையாது, வாய்க்கால்தான் இருந்தது. தண்ணீர் விட்டிருந்த நாள் பார்த்துப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதைத் தாண்டினோம். நெருப்பை மட்டும் விட்டுவிட்டோம். பஞ்சு இருக்கிற இடத்தில் தீப்பெட்டியைக் கண்ணில் பார்த்தாலே பாய் தோலை உரித்துவிடுவார்.

பாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்தபோது வில்லை எடுத்து நாகத்தின் மேல் குறி பார்த்தோம். நாகம் என்றால் கழிவு நூலை அடைத்த சாக்கு. வில்லைப் பிடித்தது வில்லாளி, இழுத்தது நாங்கள் மூவரும். நரம்பு படாரென்று அறுந்து அண்ணனின் கன்னத்தில் கோடு போட்டது. பாய் வந்து பார்த்தார். யார் அறுத்தது என்று ஒருவர் ஒருவராகக் கேட்டார். நான்தான் என்று நான்கு பேரும் சொன்னோம். அவர் புது நரம்பை எடுத்து, நான்கு பேரையும் பிடிக்கச் சொல்லி, முறுக்கேறும்வரை இழுக்கவைத்தார். உள்ளங்கை தீய்ந்துபோயிற்று. ஆனால் மகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு அடிக்கவில்லை. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற மனிதர் அவர்.

ஐந்தாம் பாகம் எங்களைக் கலங்கடித்துவிட்டது. மலையடிவாரத்து ராஜா நால்வருக்கும் விருந்து வைக்கிறார். வைத்துவிட்டு வில்லாளியைத் தனியாக அழைக்கிறார். நீ கடல் தாண்டி வந்தவன், இந்த நாகமும் உன்னுடையதல்ல, இந்தச் சபதமும் உன்னுடையதல்ல, மரியாதையோடு வீட்டுக்குப் போ என்று சொல்லி ஒரு வெள்ளைக் குதிரையும் கொடுக்கிறார். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வில்லாளி குதிரை மேல் உட்கார்ந்திருப்பதோடு புத்தகம் முடிந்துவிட்டது. போகமாட்டான் என்றேன் நான். போனாலும் போவான், ராஜா அவ்வளவு நல்லவராக இருக்கிறார் என்றான் வழிகாட்டி. எங்கள் வில்லாளி கடைசிப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஊரில் மாரியம்மனுக்கு நோம்பி சாட்டினார்கள். நகரத்திலேயே பிறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நோம்பி என்றால் திருவிழா. அது வருகிறது என்று கோயிலுக்கு முன்னால் கொட்டுக் கொட்டி அறிவிப்பதுதான் சாட்டு. பிறகு கம்பம் நடுவார்கள். பதினைந்தாம் நாள் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விடும்வரை, சாட்டுக்கு நின்றவர்கள் யாரும் ஊரைவிட்டு வெளியே இரவு தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இருட்டுவதற்குள் எல்லைக்குள் வந்துவிட வேண்டும். மீறினால் அம்மை போடும் என்பார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணின் முகத்தில் அந்தத் தழும்பு இருந்தது, அதனால் இதை யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை.

அன்று பாயும் அவர் வீட்டம்மாவும் உறைத்துணி வாங்கப் பல்லடம் போயிருந்தார்கள். மகளை எங்களோடு விட்டிருந்தார்கள். சாயங்காலம் கொட்டுச் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஓடினோம். அவளும் ஓடிவந்தாள். கோயில் வாசலில் என் இடது தோளை ஒட்டி நின்றாள், கொட்டு நிற்கும்வரை நின்றாள். அவளுடைய தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது, அதை நான் எடுத்துவிட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. திரும்பி வரும்போது இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொன்னேன். அப்படியானால் இது அந்த ஆற்றுச் சபதம் மாதிரிதானே என்றாள். அதேதான் என்றேன்.

மூன்று நாள் கழித்து வேலை முடிந்துவிட்டது. மெத்தைகளை அடுக்கிப் பழைய வேட்டியால் மூடினார்கள். அய்யன், அதாவது என் அப்பா, பாயைக் கூப்பிட்டுப் பேசினார். மாப்பிள்ளை வீட்டில் இன்னும் இரண்டு மெத்தை கேட்டிருப்பதாகவும், அதற்கு நோம்பி கழித்து வந்தால் போதும் என்றும் சொன்னார். நூல் மூட்டைமேல் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"நோம்பி சாட்டியாச்சுங்க பாய். ஆனா அந்தக் கட்டெல்லாம் எங்களுக்குத்தானுங்க, உங்களுக்கு இல்லீங்க. நீங்க தாராளமா ஊட்டுக்குப் போயிட்டு வாங்க."

எவ்வளவு மரியாதையான பேச்சு என்று பாருங்கள். ஐந்தாம் பாகத்து ராஜா எங்கள் வீட்டு வாசலில் வேட்டி கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு. ஓடிப்போய், அவளும் சாட்டுக்கு நின்றாள் என்றேன். அய்யன் சிரித்துவிட்டு, அவர்களுக்கு அது கணக்கில்லை அம்மணி என்றார். பாய் மகளைத் திரும்பிப் பார்த்தார். இப்போது யோசிக்கிறேன். அய்யன் பெருந்தன்மையோடுதான் சொன்னார், அதில் பொய் இல்லை. நோம்பிக்கு உறவுக்காரர்கள் வரப்போகிறார்கள், வாசலில் இவர்கள் இருந்தால் யாராவது ஏதாவது கேட்பார்கள் என்ற நினைப்பும் அவருக்கு இருந்தது. இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் இருந்தன, முதலாவது மட்டும்தான் வெளியே கேட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்பினார்கள். அவள் அழவில்லை, டாட்டாவும் காட்டவில்லை. எல்லைக்கல் தாண்டும்போது ஒரு தடவை குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அன்று பகல் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. இரவு அவள் உக்கடத்தில் படுப்பாள், காலையில் முகம் முழுக்க முத்து போட்டிருக்கும் என்று ஒரு படம் கண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியவர்களிடம் சொல்லிப் பயனில்லை, சொல்லியாகிவிட்டது. மத்தியானம் மூவரும் புளியமரத்தடியில் கூடினோம். அண்ணன்தான் முடிவு செய்தான். நால்வரும் ஒரே நெருப்பைச் சுற்றித்தான் உறங்க வேண்டும். அவளை உள்ளே கொண்டுவர முடியாதென்றால் நாம் வெளியே போக வேண்டும். ஒருத்தியை மட்டும் பிடிக்கிற அம்மை நான்கு பேரைச் சேர்த்துப் பிடிக்கட்டும், அப்போது தெரியும் இவர்களுக்கு என்றான். நான் போய்ப் பொட்டுக்கடலையும் வெல்லமும் ஒரு போர்வையும் மூட்டை கட்டினேன்.

பொழுது இறங்கும் நேரத்துக்கு எல்லைக்கல்லைத் தாண்டிப் பத்தடி தள்ளி, ஒரு வேலாமரத்துக்குக் கீழே போர்வையை விரித்து உட்கார்ந்தோம். ஆடு ஓட்டி வந்தவர் பார்த்ததும் ஆடுகளை விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினார். நோம்பி சாட்டிய ஊரில் மூன்று பிள்ளைகள் எல்லைக்கு வெளியே படுக்கை போட்டிருப்பது சின்ன விஷயமா? அய்யன் சைக்கிளில் வந்தார். பின்னாலேயே பெரியப்பாவும் ஃபிட்டரும். அம்மா மூச்சிரைக்க நடந்து வந்தாள்.

எழுந்திரு என்றார் அய்யன். விளையாட்டுக்கு ஓர் அளவு உண்டு என்றார். நான் எழுந்திருக்கவில்லை.

"வில்லாளி வெளிய படுத்தா நாங்களும் வெளியதானுங்கய்யா" என்றேன்.

"யாரது வில்லாளி?"

"பாய் மகதானுங்க. சாட்டுக்கு என்ற பக்கத்துல நின்னாளுங்க. கடைசிவரைக்கும் நின்னாளுங்க."

அய்யன் என்னைத் தூக்கப் பார்த்தார். நான் உடம்பைத் தொளதொளவென்று விட்டுவிட்டேன். அப்படி விட்டால் பதினொரு வயசுப் பிள்ளை என்ன கனம் கனக்கும் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பெரியப்பா அண்ணனுக்கு ஓர் அறை விட்டார். அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்தான். வழிகாட்டி மட்டும் அவன் அப்பாவைப் பார்க்கப் பயந்து ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் முதலில் பார்த்தவன் அவன்தான்.

தூரத்தில் பஸ் நின்று கிளம்பிய சத்தம் கேட்டு எவ்வளவோ நேரமாகியிருந்தது. மண்பாதையில் ஒரு மஞ்சள் பாவாடை வந்துகொண்டிருந்தது. ஓட்டமும் இல்லாமல் நடையுமில்லாமல், கையில் ஒரு துணிப்பையோடு வந்தாள். அத்தனை பெரியவர்கள் வழியில் நிற்பதைப் பார்த்தும் நிற்கவில்லை. எங்களையும் தாண்டிப் போனாள். எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே இரண்டு காலையும் வைத்த பிறகுதான் திரும்பினாள்.

"இன்னும் இருட்டலைதானே?" என்று கேட்டாள்.

மேற்கே இன்னும் சிவப்பு மிச்சம் இருந்தது. நான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவள் பக்கத்தில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை. மாமு கடைக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, அவரிடம் ஆறாம் பாகத்தையும் பஸ்ஸுக்குச் சில்லறையையும் வாங்கிக்கொண்டு, திருச்சி ரோடு வரை நடந்து, பல்லடத்தில் பஸ் மாறி வந்திருக்கிறாள். பதினொரு வயதுப் பெண். நாங்கள் அவளுக்காக வெளியே படுக்க வந்தது அவளுக்குத் தெரியாது. அவள் வருகிற வழியில் இருப்பாள் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போய் விளக்கு வைத்து அரைமணி நேரத்துக்குள் பாய் வந்து சேர்ந்தார். மாமுவிடம் விசாரித்து அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் நின்ற மகளைப் பார்த்ததும் ஓர் அறை விட்டார். பிறகு அவள் தலையைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வண்டி ஏற்பாடு செய்கிறேன், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், சாமி குற்றம் எதுவும் உங்களுக்கு வராது என்று அய்யன் மறுபடியும் அதையே சொன்னார்.

பாய் தண்ணீரைக் குடித்து முடித்துச் சொம்பைக் கீழே வைத்தார்.

"நீங்க பெரிய மனசோடதான் சொல்றீங்க, எனக்குத் தெரியுதுங்க. ஆனா புள்ள நின்னுபோட்டா. கும்பிடறது வேற, நின்னதுக்குக் கட்டுப்படறது வேறங்க. நின்னவளை நீ நிக்கலைன்னு அத்தாவா இருந்து நானு எப்படிங்க சொல்றது? கம்பம் எடுக்கற வரைக்கும் குடோன்ல ஓரமா இருந்துக்கட்டுமுங்க. நானு அப்பப்ப வந்து பாத்துக்கறேன்."

அப்போது கதவோரத்தில் நின்ற அம்மா பேசினாள். பெரியவர்கள் பேசும்போது அம்மா குறுக்கே பேசி நான் பார்த்ததில்லை, அதற்குப் பிறகும் அதிகம் பார்க்கவில்லை.

"ஊருக்குள்ள படுக்கோணும்னா ஊட்டுக்குள்ள படுக்கட்டுமுங்க. குடோன் எதுக்கு? வா கண்ணு, உள்ள வா."

எனக்கு அன்று அது சாதாரணப் பேச்சாகத்தான் கேட்டது. எத்தனையோ வருடம் கழித்துத்தான் உறைத்தது. அவர்கள் எங்கள் வீட்டில் மூன்று வாரம் வேலை செய்தார்கள். அந்த மூன்று வாரத்தில் வாசற்படிக்கு இந்தப் பக்கம் அவர்களை யாரும் கூப்பிடவில்லை. சாப்பாடு குடோனுக்குப் போயிற்று. தண்ணீர்ச் சொம்பு தனியாக இருந்தது. நாங்கள் நான்கு பேரும் ஒரே ஆற்றைத் தாண்டியவர்கள் என்று பீற்றிக்கொண்டிருந்த எனக்கு, என் வில்லாளி எங்கள் வீட்டு நிலைப்படியைத் தாண்டியதில்லை என்பது கண்ணில் படவேயில்லை. பெரியவர்களை மட்டும் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

அன்றிரவு அம்மா இன்னொரு காரியம் செய்தாள். மூடிவைத்திருந்த சீர் மெத்தையில் ஒன்றை எடுத்துக் கூடத்தில் விரித்தாள். கல்யாண மெத்தையில் மணப்பெண்ணுக்கு முன்னால் யாரும் படுக்கமாட்டார்கள். சின்னத்தையே அதன் மறுமுனையைப் பிடித்து விரித்துக் கொடுத்ததைப் பார்த்தேன். நானும் வில்லாளியும் நடுவில், பையன்கள் இரண்டு ஓரத்தில். அவள் கையை ஊன்றி ஊன்றி அழுத்திப் பார்த்தாள். மெத்தையில் படுப்பது இதுதான் முதல் தடவை என்றாள். அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் கோரைப்பாய்தானாம். அந்த மெத்தை உறையில் ஒரு பக்கத் தையல் அவள் போட்டது.

காலையில் ஆறாம் பாகத்தைத் திறந்தோம். பஸ்ஸில் அவள் ஒரு பக்கம்கூடப் பிரிக்கவில்லை, நால்வரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று வைத்திருந்தாள். அண்ணன் உரக்கப் படித்தான். இரண்டாம் பக்கத்தில் வில்லாளி ராஜாவை வணங்கிக் குதிரையைத் திருப்பிக்கொண்டு தன் நாட்டுக்குப் போய்விட்டான். அவ்வளவுதான். மீதி மூவர் சேர்ந்து நாகத்தைக் கொன்றார்கள். கடைசிப் பக்கத்தில் அவனை நினைத்து ஒரு பூவை ஆற்றில் விட்டார்கள்.

எங்களுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எழுதினவருக்கு நோம்பி சாட்டு என்றால் என்னவென்றே தெரியாது போல என்றான் வழிகாட்டி. அண்ணன் புத்தகத்தைக் கிழிக்கப் போனான். வில்லாளி அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அய்யனின் மேசையிலிருந்து பென்சிலை எடுத்துவரச் சொன்னாள். குதிரையைத் திருப்பின வரியின் மேல் இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, ஓரத்தில் எழுதினாள். வில்லாளி குதிரையை ராஜாவிடமே திருப்பிக் கொடுத்தான், நடந்தே வந்து சேர்ந்தான். பிறகு பென்சிலை என்னிடம் கொடுத்துவிட்டாள், அதற்கப்புறம் எல்லாம் தானாக வந்தது. ஓரமெல்லாம் தீர்ந்து, அட்டையின் உள்பக்கமும் தீர்ந்து, நாகம் நாக்குக்கு அடியில் அம்பு பட்டு விழுந்தபோது எனக்குக் கைவலி கண்டுவிட்டது.

கம்பம் எடுக்கும்வரை அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மை யாருக்கும் போடவில்லை. மழையும் பெய்யவில்லை, அது வேறு விஷயம். ஆறு புத்தகமும் எங்களிடம் பல வருடம் இருந்தன. பழைய வீட்டை இடித்துக் கட்டியபோது பேப்பரோடு பேப்பராகப் போய்விட்டன. எடைக்குப் போட்டது திரும்ப உக்கடத்துக்கே போயிருந்தாலும் ஆச்சரியமில்லை. அண்ணன் இப்போது இல்லை. வழிகாட்டி திருப்பூரில் இருக்கிறார், போனில் வழி பார்த்துக்கொண்டுதான் பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார். அய்யன் தன் கடைசிக் காலம்வரை, நோம்பி தேதி வைத்தவுடன், பாய் மகளுக்குச் சொல்லியாச்சா என்று என்னிடம் கேட்பார். அவர் வேறெதையும் சொல்லி வருத்தப்பட்டதில்லை. அந்தக் கேள்வியை மட்டும் ஒரு வருடமும் விட்டதில்லை.

என்னை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். அதனால் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு சாட்டுக்கும் நான் நிற்காமல் இருந்ததில்லை. இந்த வருடம்தான் மாட்டிக்கொண்டேன். முட்டி ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்த பிறகு நோம்பிக்குத் தேதி வைத்தார்கள். ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் ஊரில் சாட்டு. என் மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஆறுதல் சொன்னான். நீங்கள் ஊரில் இல்லை, உங்களுக்குக் கட்டு இல்லை, நிம்மதியாக இங்கேயே தங்கலாம் என்றான். எவ்வளவு மரியாதையான பேச்சு. அய்யன் குரலே கேட்டது எனக்கு. அவன் போன பிறகு வில்லாளிக்குப் போன் போட்டேன். இந்த வருடம் ஊர்க்கணக்கில் நான் இல்லை என்று சொல்லும்போதே சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். எனக்குக் கோபம்கூட வந்தது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு அறைக்குள் வந்தாள். தலையில் முக்காடு, கையில் கஞ்சித் தூக்கு. அவளுக்கும் முட்டி வலிதான், ஆனால் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்கிற பிடிவாதம். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்துவிட்டுச் சொன்னாள்.

"நேத்து போயி நின்னுட்டு வந்தேன். உனக்கும் சேத்து."

எங்கே படுத்தாய் என்று கேட்டேன். உன் வீட்டில்தான், வேறெங்கே என்றாள். கோரைப்பாயே போதும் என்று இவள் சொல்லியும் கேட்காமல் என் மருமகள் மெத்தை போட்டுக் கொடுத்தாளாம். பஞ்சு சரியில்லை, மிஷினில் அடித்தது என்று ஒரு குறையும் சொன்னாள். அதன் பிறகு நான் அங்கே இருந்த நாளெல்லாம் காலையில் வந்தாள், கஞ்சி ஊற்றினாள், என்னை அதட்டி நடக்கவைத்தாள். நாலு மணியானால் ஜன்னலைப் பார்ப்பாள், பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

ஒருநாள் என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண் அவளை நிறுத்தினாள். உங்கள் வீடு இங்கே உக்கடம் குளத்துக்குப் பக்கத்தில்தானே, ஆட்டோவில் பத்து நிமிஷம், இன்னும் கொஞ்ச நேரம் அம்மாவோடு இருந்துவிட்டுப் போகலாமே என்றாள். வில்லாளி செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"ஊடு இங்கதான் கண்ணு. ஆனா இருட்டறதுக்குள்ள ஊருக்குப் போயிச் சேரோணும்" என்றாள்.